நாற்பத்திரண்டு கிராம் கோப்பி

அத்தியாயம் 14

ஐந்நூறு கிராம் கோப்பித்தூள் சந்திராவின் கையில் பதினாறு நாள் வரும். பதினேழாம் நாள் காலையில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு கப்புக்குப் போதுமான தூள் மிஞ்சியிருக்கும். பத்து வருடமாக இதில் மாற்றம் கிடையாது. அப்படிப்பட்ட டப்பா பன்னிரண்டாம் நாள் விடியவே வெறுமையாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்குமா? போன வியாழக்கிழமையிலிருந்து இறங்கவில்லை.

இந்த வீட்டுக்கு இன்றுதான் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பீலெஃபெல்ட் நகரத்தில் பிராக்வெடே பக்கம், இரண்டாம் மாடி. முருகேசனும் சந்திராவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிறது, கல்யாணமாகி இருபத்தேழு. மகள் மிதுசா பாடர்போர்னில் படிக்கிறாள். முருகேசன், நடக்க முடியாத பிள்ளைகள் ஏழு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறவர். டிசம்பரில் முழங்காலில் ஒப்பரேஷன் செய்து, ஒன்பது வாரமாக வீட்டில் இருக்கிறார். வருகிற திங்கட்கிழமை திரும்பவும் வேலைக்குப் போகிறார். சந்திராவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிப்ட்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணிதான். முருகேசன் கோப்பியை முகர்ந்தாலே முகத்தைச் சுளிப்பார். மிதுசா பச்சை நிறத்தில் என்னவோ ஒரு தூளைக் கலக்கிக் குடிப்பாள். கோப்பி குடிக்கிற ஒரே ஆள் சந்திரா. அவளுக்கல்லாமல் அந்தக் கோப்பி மெஷின் உறுமுவதென்றால் வீட்டுக்கு வெள்ளைக்காரர் வந்திருக்க வேண்டும். தமிழ் ஆட்கள் வந்தால் யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை.

கோப்பி போட அவள் படித்தது வேலையிடத்தில். ஒரு லீற்றருக்கு அறுபது கிராம். கரண்டியைக் கூம்பாக அள்ளக் கூடாது. கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் அவளுடைய கரண்டிக்கு ஆறு கிராம். காலையில் ஐந்து கரண்டி, மெஷினில் நான்காம் கோடு வரை தண்ணீர். மெஷின்காரன் அதை நான்கு கப் என்கிறான். அவனுடைய கப் உள்ளங்கை அளவு. எங்கள் ஆட்களுக்கு அது இரண்டு மக்.

போன வியாழன் புதுப் பக்கெற் உடைத்தாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, டப்பாவை மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரு கிராமும் அசையவில்லை. திங்கள் பின்னேரம் நாற்பத்திரண்டு கிராமைக் காணவில்லை.

நாற்பத்திரண்டை ஆறால் பிரித்தால் ஏழு. ஏழு என்ற எண்ணைக் கண்டதும் சந்திரா தராசிலிருந்து கையை எடுத்தாள். பழைய ஜெர்மன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: கப்புக்கு ஒரு கரண்டி, அதற்கு மேல் ஜாடிக்கு ஒரு கரண்டி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு முன்பிருந்த நீமையர் கிழவி அப்படித்தான் போடுவாள். ஆறு கப்புக்கு ஆறு, ஜாடிக்கு ஒன்று. ஆறு கப் என்றால், இரண்டு பேர் ஆறுதலாக உட்கார்ந்து ஆளுக்கு மூன்று கப் குடித்து ஒரு காலைப்பொழுதைப் போக்கலாம். ஜாடிக்கு ஒரு கரண்டி போட முருகேசனுக்குத் தெரியாது. ஆகவே கோப்பி போட்டது ஒரு வெள்ளைக்காரக் கை. அவளுடைய சமையலறையில், அவளுடைய கரண்டியால் போட்டிருக்கிறது.

குப்பை வாளியைக் கிண்டினாள். ஈரச் சக்கை இல்லை. ஃபில்டர் கடதாசி இல்லை. சக்கையை எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள்.

அதற்கு ஏற்றமாதிரி, எதிர்வீட்டு ரமா அக்கா செவ்வாய்க்கிழமை தமிழ்க் கடையில் பிடித்துக்கொண்டாள்.

“உம்மடை மனிசன் நேற்று ட்ராம் நிக்கிற இடத்துக் குப்பைத்தொட்டியிலை சின்னப் பை ஒண்டு போட்டவர். வீட்டிலை வாளி இல்லையோ?”

“நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர் அக்கா. சும்மா நடந்திருப்பார்.”

“ஓம் ஓம். திங்களும் புதனும் உங்கடை வாசல்லை ஒரு நீலக் கார் நிக்குது. நல்ல துப்புரவா வைச்சிருக்கிறாள்.”

வைச்சிருக்கிறாள். ரமா அக்கா அந்த ‘ள்’ளை அழுத்தியா சொன்னாள், சாதாரணமாகவா சொன்னாள் என்று சந்திரா வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தாள்.

நேரே கேட்டுவிடலாமே என்பீர்கள். திங்கட்கிழமையே கேட்டாள். “ஆரும் வந்தவையோ?” என்று, உருளைக்கிழங்கு உரித்தபடி, வாடைக்காற்றைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள். “ஒருத்தரும் வரேல்லை,” என்று முருகேசன் ரீவியைப் பார்த்தபடி சொன்னார். இருபத்தேழு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய்யா, அவள் பிடித்த முதல் பொய்யா? அந்த ஒரு கேள்விதான் அவளைப் போட்டு வாட்டியது.

வருகிற திங்கள் அவர் வேலைக்குப் போய்விடுவார். வீடு பூட்டிக் கிடக்கும். நீலக் கார் வராது, தூள் குறையாது, உண்மையும் அதோடு போய்விடும். பிடிப்பதென்றால் இந்தப் புதன்கிழமைதான் பிடிக்க வேண்டும்.

*

புதன் காலை கோப்பி போட்டு முடித்து டப்பாவை நிறுத்தாள். இருநூற்று நாற்பத்தெட்டு. போனில் குறித்துக்கொண்டாள்.

அறைக்குள் முருகேசன் விழித்துத்தான் கிடந்தார். கழுத்து வரை போர்வை.

“இண்டைக்கு எங்கையும் போறியளோ?”

“இந்த முழங்காலோடை நான் எங்கை போறது?”

“டொக்டரிட்டை டெர்மின் ஒண்டும் இல்லையோ?”

“இல்லை. ஏன் கேக்கிறீர்?”

“சும்மாதான்.”

அவள் கன்னத்தை நீட்டவில்லை. அவரும் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. முன்பெல்லாம் வேலைக்குப் போகும்போது அவள் ஜாக்கெற்றின் சிப்பை இழுத்துவிடுவது அவர்தான். எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை. அது மட்டுமா? இப்போதெல்லாம் அவள் வருமுன்பே சாப்பிட்டு முடித்துவிடுகிறார். கையால் பிசைந்து சாப்பிட்ட மனிதன் கரண்டி எடுத்திருக்கிறார். தேத்தண்ணியை அரைக் கப்தான் கேட்கிறார். சோபாவில் அவளுக்கு இடப்பக்கம் உட்காருகிறவர் வலப்பக்கம் மாறிவிட்டார். யாரோ ஒருத்தி நாகரிகம் பழக்குகிறாள் என்று சந்திரா கூட்டிக்கழித்து வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் எட்டரை மணிக்கு வார்டுகளுக்குக் கோப்பி போய்ச் சேர்ந்ததும் மிதுசாவுக்கு போன் எடுத்தாள். பிள்ளையிடம் இதைப் பேசலாமா என்று இரண்டு நாள் தன்னையே தடுத்தவள், மூன்றாம் நாள் தாங்கவில்லை.

மிதுசா முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அம்மா, கோப்பியைத் தராசிலை வைச்சு அப்பாவைச் சந்தேகப்படுறியள். உது கொஞ்சம் கூடிப்போச்சு.”

“தராசு பொய் சொல்லாது பிள்ளை.”

“அப்பாவுக்கு டொய்ச் பாசையிலை ரெண்டு வசனம் ஒழுங்காக் கதைக்க ஏலாது. எந்தப் பொம்பிளை வந்திருந்து அவரோடை என்னத்தைக் கதைக்கிறது?”

“கதைக்கத்தான் வாறாள் எண்டு ஆர் சொன்னது?”

மறுபக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

“பொறுங்கோ,” என்றாள் மிதுசா. “ஜனவரியிலை அப்பா ஒரு சொல்லு அனுப்பி, என்ன எண்டு கேட்டவர். ஹவுஸ்பெசூஹ்.”

ஹவுஸ் என்றால் வீடு. பெசூஹ் என்றால் விருந்தாளி வருவது. அவ்வளவு ஜெர்மன் சந்திராவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“வீட்டுக்கு வாறது எண்டுதானே?”

“ஓம், ஆனா அதைச் சும்மா வாற ஆக்களுக்குச் சொல்லுறேல்லை. அது வந்து… அம்மா, லெக்சர் தொடங்கீற்றுது. பேந்து எடுக்கிறன். நான் எடுக்கும் வரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ.”

மகள் சொல்லவந்த மீதியை சந்திரா தானே முடித்துக்கொண்டாள். பத்து மணிக்குத் தலையிடி என்று சொல்லி ஏப்ரனைக் கழற்றினாள். பொய்யென்று சொல்ல முடியாது. தலை உண்மையாகவே இடித்தது.

*

நீலக் கார் வாசலில் நின்றது. ரமா அக்கா சொன்னதுபோல நல்ல துப்புரவு.

சந்திரா மாடிப்படிகளை மெதுவாக ஏறினாள். மூச்சு வாங்கக் கூடாது, அழக் கூடாது, சாமான் எதையும் எடுத்து எறியக் கூடாது என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை ட்ராமிலேயே இரண்டு மொழியிலும் தயார் செய்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஜெர்மனில் மூன்று வசனம், முருகேசனுக்குத் தமிழில் பதினைந்து வசனம்.

கதவுக்கு வெளியே கால்மிதியில் ஒரு சோடி பெண் சப்பாத்து. மண்ணிறம், குதி தட்டை. வீட்டுக்குள் சப்பாத்தோடு வரக்கூடாதென்று பழக்கியிருக்கிறார் என்று நினைத்தாள். அது இந்த வீட்டு ஆளாகிவிட்டவள் செய்கிற காரியமல்லவா?

சாவியைப் போட்டாள். உள்ளே சமையலறையில் பெண் குரல், தாலாட்டுகிற மாதிரி தாழ்ந்து கேட்டது.

“லங்ஸாம், ஹேர் முருகேசன். லங்ஸாம்.”

மெதுவாக, திரு முருகேசன், மெதுவாகவாம். சந்திரா நடையைத் தாண்டிச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

மேசையில் பத்திரிகை விரித்திருந்தது. முருகேசன் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, தோளோடு தோளாக இருந்தாள். அவருடைய வலது மணிக்கட்டை அவள் கை பிடித்திருந்தது.

தயார் செய்த பதினெட்டு வசனத்தில் ஒன்றும் வரவில்லை. “குட்டன் டாக்,” என்றாள் சந்திரா. முப்பது வருடப் பழக்கம், வாய் தானாக வணக்கம் சொல்லிவிட்டது.

முருகேசன் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பெண் கையை எடுத்தாள். எடுத்த அந்தக் கணத்தில் அவர் விரலுக்குள்ளிருந்த கரண்டி ஆடத் தொடங்கியது. அது சும்மா ஆட்டமாக இருக்கவில்லை. கரண்டி டப்பாவின் விளிம்பில் டக் டக் டக்கென்று அடித்தது. தூள் பத்திரிகை முழுக்கச் சிதறியது. அவர் இடக்கையால் வலக்கையை அமத்திப் பிடித்து மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

ஏதோ வெட்கக்கேடானதை ஒளிப்பதுபோல ஒளித்தார். சந்திரா அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள்தான் திருமதி முருகேசனா?” அந்தப் பெண் எழுந்தாள். ஐம்பது வயது இருக்கும், கட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. “நான் லிண்ட்ஹோர்ஸ்ட். கைப்பயிற்சி கொடுக்கிறவள். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வேண்டுமென்று நரம்பு டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். உங்களிடம் சொல்லிவிட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லவில்லை, அப்படித்தானே?”

மருந்துச் சீட்டு மேசையில் கிடந்தது. டொக்டரின் முத்திரைக்குப் பக்கத்தில் அந்தச் சொல்: ஹவுஸ்பெசூஹ். வைத்தியரோ தாதியோ வீட்டுக்கு வருவதற்கும் ஜெர்மன்காரர் இதைத்தான் எழுதுவார்கள். மிதுசா சொல்ல வந்த மீதி அதுதான்.

“ஏன் கோப்பி?” என்று கேட்டாள் சந்திரா. கேட்க எவ்வளவோ இருக்க, வாயில் வந்தது இதுதான்.

“தினமும் செய்கிற வேலை ஒன்றைத்தான் பயிற்சிக்கு எடுக்க வேண்டும். மட்டமாக ஒரு கரண்டி அள்ளி, சிந்தாமல் ஃபில்டருக்குள் போடுவதென்றால் கைக்கு நல்ல வேலை. என் அம்மா சொல்வார், கப்புக்கு ஒன்று, ஜாடிக்கு ஒன்று. ஆகவே ஆறு கப்புக்கு ஏழு கரண்டி.” லிண்ட்ஹோர்ஸ்ட் தூளைப் பார்த்தாள். “திங்கட்கிழமை இரண்டு கரண்டி ஒழுங்காகப் போட்டார். இன்று ஒன்றுகூட இல்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசுங்கள். நான் போய்விட்டு வருகிறேன்.”

ஏழு என்று கணக்கிட்டது சரி, வெள்ளைக்காரக் கை என்றதும் சரி. சந்திராவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

*

கதவு சாத்தியது. சந்திரா ஜாக்கெற்றைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள்.

“சிந்தினதை என்ன செய்யிறனீங்கள்?”

“ஃபில்டருக்குள்ளை விழுந்ததையும் சேர்த்துப் பையிலை கட்டிக்கொண்டு போய் வெளியிலை போடுறனான்.”

“டப்பாவுக்குள்ளை திருப்பிப் போட்டிருக்கலாமே.”

“மேசையிலை விழுந்ததை உம்மடை டப்பாவுக்குள்ளை போட மனம் வரேல்லை. போட்டாலும் நீர் கண்டுபிடிச்சிடுவீர்.”

“இப்ப மட்டும் கண்டுபிடிக்கேல்லையோ?” சந்திரா டப்பாவை ஒரு பக்கம் தள்ளினாள். “நான் என்ன நினைச்சனான் தெரியுமோ உங்களுக்கு?”

முருகேசன் அவளைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். விளங்கியது. வாயோரம் மெல்லக் கோணியது.

“என்னையோ? இந்த மூஞ்சியையோ?”

“சிரிக்காதேங்கோ.”

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறொருத்தி இல்லை. அரை நிமிடம் அந்த நிம்மதி அவளை நிறைத்தது. அடுத்த அரை நிமிடத்தில், மனிதன் கை நடுங்கிக்கொண்டு இருக்கும்போது இப்படி மகிழ்ந்தேனே என்று கூசிப்போனாள். அரைக் கப் தேத்தண்ணி. கரண்டிச் சோறு. சோபாவில் மாறிய இடம். நான்கு மாதமாகக் கண்ணுக்கு முன்னால் நடந்ததை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் எழுதியிருக்கிறாள்.

“எப்ப இருந்து?”

“போன மே மாசம் தொடங்கினது. முதல் விரல் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலை முழங்காலுக்கு எண்டு படுத்திருக்கேக்கை ஒரு டொக்டர் கண்டிட்டார். அவர்தான் நரம்பு டொக்டரிட்டை அனுப்பினது.”

“என்ன வருத்தமாம்?”

“இன்னும் பேர் வைக்கேல்லை. மார்ச் பன்னிரண்டு ஸ்கேன். சின்ன விசயமாயும் இருக்கலாம், மற்றதாயும் இருக்கலாம் எண்டு சொன்னவர்.”

மற்றது எது என்று அவள் கேட்கவில்லை. அவர் கை மேசைக்குக் கீழே இருந்தது. எட்டி அதை எடுத்து, இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு குருவியைப் பிடித்து வைத்ததுபோல அது துடித்துக்கொண்டே இருந்தது.

“என்னட்டைச் சொல்ல உங்களுக்கு என்ன?”

“சொன்னால் நீர் திங்கட்கிழமை என்னை விடமாட்டீர்.”

அதுவரை அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வரவில்லை. இப்போது வந்தது. வந்ததும் கையை விட்டாள்.

“நீங்கள் வேலைக்குப் போறதோ?”

“ஓட்டேக்கை நடுங்கிறேல்லை சந்திரா. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சால் நிண்டிடும். ஒம்பது வருசம் ஓட்டுறன், ஒரு கீறல் இல்லை. மே மாசத்துக்குப் பிறகும் ஏழு மாசம் ஓட்டினனான். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.”

“டொக்டர் என்ன சொன்னவர்?”

முருகேசன் மருந்துச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“ஓட்ட வேண்டாம் எண்டவரோ?”

“ஸ்கேன் முடியும் வரைக்கும் ஆக்களை ஏத்தி ஓட்ட வேண்டாம் எண்டவர். எழுதித் தரேல்லை, வாயாலைதான் சொன்னது.” அவர் அவசர அவசரமாகப் பேசினார். “மூண்டு கிழமைதானே. வேலையிடத்திலை தெரிஞ்சால் என்னை எடுத்துப்போட்டு வேறை ஆளைப் போடுவாங்கள். பிறகு ஸ்கேனிலை ஒண்டும் இல்லை எண்டு வந்தாலும் திருப்பித் தரமாட்டாங்கள். அந்தப் பிள்ளையள் என்னைத் தேடுங்கள். எமில் எண்டொரு பெடியன், நான் கதவைத் திறந்தால்தான் ஏறுவான். வீட்டிலை குந்தி இருந்து நான் என்ன செய்யிறது? ஒம்பது கிழமைக்கே செத்துப்போனன்.”

அவர் சொன்னது எல்லாம் உண்மை. சந்திராவுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் எமிலுக்கென்று மைலோ பிஸ்கற் தேடி வைக்கிற மனிதன் அவர்.

“வீல்செயாரை நிலத்தோடை சேர்த்துப் பெல்ற் பூட்டுறனீங்களல்லே?” என்று கேட்டாள்.

“ஓம். நாலு பெல்ற்.”

“எந்தக் கையாலை?”

முருகேசன் தன் வலக்கையைப் பார்த்தார். பத்திரிகையில் கிடந்த தூளை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“நீர் ஒண்டும் தெரியாத மாதிரி இரும்,” என்றார் கடைசியில். “நான் கேக்கிறது இது ஒண்டுதான். மூண்டு கிழமை.”

இத்தனை நாளும் அவர் பொய் சொல்கிறாரா என்று தவித்தவள் அவள். இப்போது அந்தப் பொய்யில் தனக்கும் ஒரு பங்கு கேட்டு வந்து நிற்கிறார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சரி என்று சொல்ல நாக்கு வரவில்லை. டப்பாவின் மூடியை எடுத்துச் சும்மா மூடினாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

முருகேசனின் போன். திரையில் லூட்கே என்று பெயர் விழுந்தது; பஸ்களுக்கு ஆள் ஒதுக்குகிறவர். முருகேசன் எடுக்கவில்லை. ஜெர்மனில் போன் பேசுவதென்றால் அவருக்கு வியர்த்துவிடும். ஒன்பது வருடமாக லூட்கேயோடு பேசுவது சந்திராதான். வழக்கம்போலப் போனை அவள் பக்கம் தள்ளினார். இடக்கையால் தள்ளினார்.

“ஓம் எண்டு சொல்லும்,” என்றார் மெதுவாக. “அவ்வளவுதான்.”

லூட்கே நல்ல மனிதர், எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். முழங்கால் எப்படி என்று கேட்டார். நல்லம் என்றாள். பிள்ளைகள் எல்லாரும் ‘முரு’ எப்போது வருவார் என்று நச்சரிக்கிறார்களாம். திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குப் பழைய பாதைதான், பழைய ஏழு பேர்தான்.

“அப்படியென்றால் மற்றெல்லாம் ஒழுங்குதானே, திருமதி முருகேசன்? போட்டுவிடட்டுமா?”

முருகேசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

“நைன்,” என்றாள் சந்திரா.

“இல்லையா? என்ன நடந்தது?”

சொல்ல வேண்டும். அவருடைய கை, என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல் வரவில்லை. நடுக்கத்துக்கு ஜெர்மனில் என்ன சொல்வது? வெங்காயத்துக்கு ஒன்பது விதம் சொல்லத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு சொல் வாழ்நாளில் தேவைப்பட்டதில்லை. “அவருடைய கை… அவருடைய வலது கை…” என்று திரும்பத் திரும்பத் தடக்கினாள். ஹலோ, ஹலோ என்றார் லூட்கே.

முருகேசன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு மேசைக்கு மேலாகக் குனிந்து, போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தார்.

“ட்சிட்டர்ன்,” என்றார். நடுங்குகிறது. பிழையில்லாத, தெளிவான ஜெர்மன்.

ஏழு பிள்ளைகள், நாளுக்கு இரண்டு தடவை. லூட்கேயும் கணக்குப் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மறுபடி பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

“எப்போதிலிருந்து?” என்று கேட்டார். மே மாதம் என்று சொன்னால், அவர் பஸ் ஓட்டிய அந்த ஏழு மாதமும் கணக்கில் வரும்.